அமெரிக்கத் தம்பியின் புத்தகத்தில் அக்கா இறந்த கதை

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே இல்லை. ஆக்லாந்தில் இருக்கும் எங்கள் சங்கத்தின் செயலாளர் கதிர்காமநாதன் என்னைக் கூப்பிட்டு, ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். அதில் தொடங்கிய வினை இது.

"சிறப்பு விருந்தினரைப் பற்றி எழுதுங்கோ. வழக்கறிஞர், அரசியல்வாதி, எழுத்தாளர். மூண்டும் வரவேணும். படத்துக்கு இடம் விட்டு எழுதுங்கோ" என்றார்.

அந்தப் பக்கத்தை நான் கொடுக்கவேயில்லை. மலர் வெளிவந்துவிட்டது. எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் வீடு விற்றுக்கொடுக்கும் முகவர் ஒருவர் கைகட்டி நின்று சிரிக்கிறார். நான் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

முயற்சி செய்யாமல் இல்லை. முதல் தொடக்கம் இது:

"மன்னாரில், பேசாலைக் கடற்கரையில், ஒரு சிறுவன் அலைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அலைகளுக்கு அப்பால் தன் எதிர்காலம்—"

[கைவிட்டேன். பேசாலையில் பிறந்த எல்லாச் சிறுவர்களும் அலைகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். கடற்கரையில் நின்றுகொண்டு வேறு எதைப் பார்ப்பது?]

இரண்டாவது:

"நீதியையே தன் மூச்சாகக் கொண்ட ஒரு மாமனிதர் அமெரிக்க மண்ணில்—"

[இதுவும் போயிற்று. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.]

2

மலருக்கு என்றால் 'அவர்' என்று எழுத வேண்டும். கதைக்கு 'அவன்' போதும். எந்த உரிமையில் என்று கேட்பீர்கள். அவனுடைய அக்கா பேர்ணடெட் அவனை 'அவன்' என்றுதான் சொல்வாள். சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். அவளுக்குப் பக்கத்தில் நின்று நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவன் பெயர் றொய்ஸ்டன் லெம்பேட். போர்க்காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் இருந்து, அங்கிருந்து ஒரு மாமனால் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டவன். அந்த நாட்டின் நடுவில் ஒரு மாநிலம். எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவான். அவன் தொழிலே அதுதான். பள்ளிக்கூடத்திலேயே றொய்ஸ்டன் றோய் ஆனான். சட்டக்கல்லூரியில் லெம்பேட் லாம்பர்ட் ஆனது. பட்டம் வாங்கி வெளியே வந்தபோது றோய் லாம்பர்ட் என்று ஒருவர் இருந்தார். பேசாலையில் யாருக்கும் அவரைத் தெரியாது.

றோய் லாம்பர்ட்டின் முகம் முதலில் பஸ்களின் பின்புறத்தில் வந்தது. "விழுந்தீர்களா? எழுப்பிவிட றோய் இருக்கிறார்!" என்பது விளம்பர வாசகம். சூப்பர் மார்க்கெட் தரையில் வழுக்கியவர்கள், படி தடுக்கியவர்கள், ஐஸில் சறுக்கியவர்கள் எல்லாரும் அவனிடம் வந்தார்கள். யாரும் விழாத மாதங்களில் அவனுக்கு முகம் வாடியிருக்கும் என்று கேள்வி.*

* நியூசிலாந்தில் விழுந்தால் அரசாங்கமே வைத்தியச் செலவைப் பார்க்கும். வழக்குப் போட முடியாது. றோய் லாம்பர்ட் தப்பித் தவறி ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்திருந்தால் இன்று ஊபர் ஓட்டிக்கொண்டிருப்பான். இந்தக் கதையும் இருந்திருக்காது.

பிறகு அரசியல். முதல் தேர்தலில் தெருவிளக்குப் போடுவேன் என்றான், தோற்றான். இரண்டாவது தேர்தலுக்கு முன்னால் ஒரு தேவாலய விருந்தில், உங்கள் சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்டார்கள். கடல் நடுவில் ஒரு மணல்திட்டில் அகதிகளாகக் கிடந்ததையும், அங்கே ஒரு குழந்தை இறந்துபோனதையும் சொன்னான். சபை அழுதது. அழுததை அவன் கவனித்தான். அந்தக் கணத்தில்தான் ஓர் அரசியல்வாதி பிறந்தார் என்று மலரில் எழுதியிருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் அது உறவுக்காரக் குழந்தை ஆகியது. அதற்கடுத்த கூட்டத்தில் தங்கை ஆகியது. அந்தத் தேர்தலில் வென்றான். மாநிலச் சபைக்குப் போய் அவன் கொண்டுவந்த மசோதாக்களில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: மாநிலத்தின் அதிகாரபூர்வ ஊறுகாய் எது என்று அறிவிப்பது. அது தோற்றது.

இப்போது இன்னும் பெரிய பதவிக்குப் போட்டி. பெரிய பதவிக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு புத்தகம் எழுதுவது அங்கே வழக்கம். அவனும் எழுதினான். அதாவது, எழுதிக்கொடுக்க ஒரு பெண்ணை அமர்த்தினான். நன்றியுரையில் அவள் பெயர் அவனுடைய நாயின் பெயருக்குப் பிறகு வருகிறது. புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொல்வதென்றால், "அலை எனக்கு வழிவிட்டது."

தேர்தலுக்கு வெளிநாட்டில் நன்கொடை வாங்கக்கூடாது என்று அவர்கள் நாட்டில் சட்டம். வெளிநாட்டில் போய் நின்று புத்தகத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று சட்டம் இல்லை. அப்படித்தான் அவன் ஆக்லாந்துக்கு வந்தான்.

3

சொந்தக்காரரிடம் கேட்டால் நாலு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நான் பேர்ணடெட்டுக்குப் போன் எடுத்தேன். றொய்ஸ்டனின் பெரியம்மா மகள். அவனைவிட இரண்டு வயது மூத்தவள். ஒனிஹங்காவில் ஒரு பாமசியில் மருந்தாளர். ஹில்ஸ்பரோவில் வீடு. புருஷன் கிளெமென்ட் எலக்ட்ரீசியன். மகள் ஜனுஷா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடிக்கப்போகிறாள்.

"உங்கட தம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதோணும். சின்ன வயசு ஞாபகம் ஏதும் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் செத்துப்போனன் அண்ணை" என்றாள் பேர்ணடெட். "செத்த ஆக்கள் பேட்டி குடுக்கிறேல்லை."

அவளுக்கே அந்தச் செய்தி முந்தின வாரம்தான் கிடைத்திருந்தது. புத்தகத்தைத் தருவித்து வாசித்துக்கொண்டிருந்த ஜனுஷா, சோபாவில் படுத்தபடியே குரல் கொடுத்தாள்.

"மம், யூ ஆர் டெட்!"

"என்ன பிள்ளை?"

"லிட்டரலி. சாப்டர் த்ரீ. யூ டை இன் ஹிஸ் ஆர்ம்ஸ்."

கிளெமென்ட் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் விழுந்ததற்கு யாரும் வழக்குப் போடவில்லை. ஜனுஷா அந்த இடத்தை உரக்க வாசித்தாள். தமிழில் இப்படி வரும்: "என் குட்டித் தங்கை பேர்ணடெட் சிவப்புப் பூப்போட்ட சட்டையும் ஒற்றைக் காலில் செருப்புமாக என் மடியில் கிடந்தாள். வறண்ட உதடுகளால் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்: 'அண்ணா, அமெரிக்கா இன்னும் எவ்வளவு தூரம்?'"

(அவர்கள் போய்க்கொண்டிருந்தது இராமேஸ்வரத்துக்கு.)

இந்த இடத்தில் என் முதல் பிரதியில் பேர்ணடெட்டின் கண்கள் கலங்கின. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏன் அண்ணை என்னை அழ வைச்சனீங்கள்? நான் அழேல்லை. சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான். கஞ்சி கையில பட்டுட்டுது. தண்ணிக்குள்ள கையைப் பிடிச்சுக்கொண்டு, திருப்பி வாசி எண்டு சொன்னனான்."

ஜனுஷா திருப்பி வாசித்தாள். பேர்ணடெட் மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னாள். தான் செத்தது அவளுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அந்தச் சிவப்புப் பூச்சட்டை தன்னுடையது இல்லை. அந்தச் செருப்பும் தன்னுடையது இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

4

இந்தப் பகுதியில் கேலி இல்லை. முயன்றேன், வரவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. பேர்ணடெட்டின் அம்மா, மகளையும் தங்கை மகன் றொய்ஸ்டனையும் கூட்டிக்கொண்டு படகேறினாள். படகில் அளவுக்கு மீறிய சனம். இந்தியக் கரை ஏறினால் பிடிபட்டுவிடுவோம் என்று பயந்த படகோட்டி, இடையில் இருந்த ஒரு மணல்திட்டில் எல்லாரையும் இறக்கினான். விடிய அந்தப் பக்கத்துப் படகு வந்து ஏற்றும் என்று சொல்லிவிட்டுப் போனான். விடிந்தது. ஒரு படகும் வரவில்லை. நிழல் என்று சொல்ல ஒரு பற்றைச் செடியும் இல்லை. சுற்றிவரக் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை.

றொய்ஸ்டன் படகிலேயே வாந்தி எடுக்கத் தொடங்கியவன். திட்டில் இறங்கிய பிறகும் நிற்கவில்லை. பெரியம்மாவின் சேலைத் தலைப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். அலை அவனுக்கு வழிவிடவில்லை. அவன் குடலைத்தான் வெளியே விட்டது.

கூட வந்தவர்களில் ஒரு தாயும் ஒரு பெண்குழந்தையும். குழந்தைக்கு நாலு வயது இருக்கும். சிவப்புப் பூச்சட்டை போட்டிருந்தது. ஒரு செருப்பு படகேறும்போது கழன்று விழுந்துவிட்டது. மற்றதைக் கழற்ற அது விடவில்லை. பேர்ணடெட்டோடு ஒட்டிக்கொண்டு சிப்பி பொறுக்கியது. மத்தியானத்துக்கு மேல் பொறுக்கவில்லை. மடியில் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டது. அமெரிக்காவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அது எழும்பவில்லை.

ஆண்கள் பானை மூடியாலும் கையாலும் மணலைத் தோண்டினார்கள். அடக்கம் செய்யப் பங்குச் சாமியார் யாரும் இல்லை. செபம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவள் பேர்ணடெட்தான். பதினொரு வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி, நீ சொல்லு என்றார்கள். அந்தச் செபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் பேசும் நிலையில் இல்லை. முதல் நாள் சிப்பி பொறுக்கும்போது குழந்தையே சொல்லியிருந்த பெயரை பேர்ணடெட் சொன்னாள்.

அன்று பின்னேரம் இராமேஸ்வரத்து மீனவர்கள் வந்து எல்லோரையும் ஏற்றிப்போனார்கள்.

5

இப்போது எனக்கு ஒரு சிக்கல். நாலாம் பகுதியை எழுதிய பிறகு றொய்ஸ்டன் என் கையில் முழு அயோக்கியனாக வந்து நிற்கிறான். முழு அயோக்கியர்களை எழுதுவது சுலபம், வாசிப்பதும் சுலபம். அதனாலேயே எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது.

அன்றைக்கு அவனுக்கு ஒன்பது வயது. அந்தக் குழந்தையோடு அவன் விளையாடவில்லை, பெயர் கேட்கவில்லை. முகாமில் அவனுக்குப் பள்ளிச் சட்டை தைத்துக் கொடுத்தது பேர்ணடெட்டின் அம்மா. அந்தப் பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து அவன் பறந்து வந்து மூன்று நாள் தரையில் படுத்தான். இதையும் பேர்ணடெட்தான் சொன்னாள். "எழுதாமல் விட்டுடாதேங்கோ, பிறகு அநியாயம்" என்றும் சொன்னாள்.

எழுதிவிட்டேன். ஆனால் அவன் அடுத்த பகுதியில் வாயைத் திறப்பான். அதற்கு நான் பொறுப்பில்லை.

6

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு முதல் நாள் றொய்ஸ்டன் ஹில்ஸ்பரோவுக்குச் சாப்பிட வந்தான். கதிர்காமநாதன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். அவனோடு ஒரு கமெராக்காரரும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். தேர்தலுக்காக அவனுடைய வாழ்க்கையைப் படம் பிடிக்கிறவர். அவரை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தனியே வந்திருந்தான்.

புட்டும் நண்டுக்கறியும். பஸ்ஸின் பின்புறத்தில் சிரித்த அந்த வெள்ளைப் பற்களால் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சினான்.

"அமெரிக்காவில ஒருத்தருக்கும் நண்டு காய்ச்சத் தெரியாது அக்கா. பட்டரில போட்டு அவிக்கிறாங்கள்."

"என்னை ஏன்டா புத்தகத்தில சாக்காட்டினனீ?" என்று பேர்ணடெட் கேட்டாள். சண்டைக் குரலில் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ என்று கேட்கிற குரல்தான்.

கிளெமென்ட் சாப்பிடுவதை நிறுத்தினான். றொய்ஸ்டன் நிறுத்தவில்லை.

"அது லிட்டரரி அக்கா. எழுதின பிள்ளை கேட்டா, செத்தது ஆர் எண்டு. பேர் இல்லாட்டி வாசிக்கிற ஆக்களுக்கு மனசில நிக்காதாம். எனக்கு அந்தப் பிள்ளையின்ர பேர் தெரியாது. வாயில வந்தது உங்கட பேர்."

"அப்ப அந்தப் பிள்ளை உனக்கு ஞாபகம் இருக்கு."

"செருப்பு ஞாபகம் இருக்கு" என்றான். அதைச் சொன்னபோது மட்டும் தட்டைப் பார்த்துச் சொன்னான். "நல்ல பேரொண்டு வைப்பம் எண்டுதான் நினைச்சன். எனக்குத் தெரிஞ்ச நல்ல பேர் அதுதான்."

[இந்த வசனம் உண்மையாகச் சொன்னதா, பழக்கத்தில் வந்ததா என்று பேர்ணடெட்டைக் கேட்டேன். "ரெண்டுந்தான். அவனுக்கு இப்ப ரெண்டும் ஒண்டு" என்றாள்.]

"நான் பேர் மாறி மருந்து குடுத்தால் ஆள் செத்துப்போகும் றொய்ஸ்டன்."

"நீங்கள் மருந்து குடுக்கிறனீங்கள். நான் கதை சொல்லுறனான். கதையில மாறினால் ஒருத்தரும் சாகமாட்டினம்."

"அந்தத் தாய் எங்கையாவது உயிரோட இருந்து இதை வாசிச்சால்?"

றொய்ஸ்டன் விரலை நக்கிக்கொண்டு யோசித்தான். "இங்கிலிஷ் புத்தகம்தானே அக்கா" என்றான்.

கை கழுவிக்கொண்டு வந்தவன், துவாயில் துடைத்தபடியே சொன்னான்: "நாளைக்கு விழாவுக்குக் கட்டாயம் வாங்கோ. ஆனால் கமெரா நிக்கும். உங்கட பேரை மட்டும் ஒருத்தரும் பெரிசாச் சொல்லாமல் இருந்தால் நல்லம்." பிறகு ஜனுஷாவின் பக்கம் திரும்பினான். "பெப்ரவரியில என்ர ஒஃபிஸுக்கு வாறாய்தானே? ஐ ஹாவ் டோல்ட் எவ்ரிபடி."

பல்கலைக்கழகத்தில் பல பேர் கனவு காணும் வாய்ப்பு அது. படிப்பு முடிய அமெரிக்காவில், ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்தில், சட்டப் பயிற்சி. ஜனுஷா மாமாவுக்கு எழுதி எழுதி வாங்கியது.

அவன் மிரட்டினான் என்று என்னால் எழுத முடியாது. வழக்கறிஞன் மிரட்டமாட்டான். இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பான்.

7

அன்று பின்னேரம் வீட்டில் மூன்று கட்சி.

"தலையிடி எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நிண்டுவிடுவம்" என்றது கிளெமென்ட் கட்சி. "என்னத்துக்கு வில்லங்கம்? நீ உயிரோட இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும், பாங்குக்குத் தெரியும். வேற ஆருக்குத் தெரியோணும்?"

"மம், இட்ஸ் ஜஸ்ட் எ புக்" என்றாள் ஜனுஷா. கொஞ்ச நேரம் கழித்து, "ப்ளீஸ்" என்றாள். அந்த 'ப்ளீஸ்' பேர்ணடெட்டுக்கு நெஞ்சில் ஏறியது. பிள்ளை பொதுவாக எதையும் கெஞ்சிக் கேட்பவள் இல்லை.

மூன்றாவது கட்சி சேலைக்கு அயன் போட்டுக்கொண்டு நின்றது.

8

மவுண்ட் ரொஸ்கிலில் ஒரு தேவாலய மண்டபம். வெளியே மழை, உள்ளே கொறிக்க ரோல்ஸும் பற்றிஸும். யாழ்ப்பாணம், மன்னார், தமிழ்நாடு, மலேசியா என்று எல்லாத் தமிழும் ஒரே நேரத்தில் ஒலித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பழனிவேல் என்கிற மதுரைக்காரர், "இவரு அங்க பிரசிடென்ட்டா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். "ஆமா, பாத்தா அப்படித்தான் இருக்காரு" என்றார்.

றொய்ஸ்டன் ஆங்கிலத்தில் பேசினான். நன்றாகப் பேசினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். மணல்திட்டு வந்தது. குட்டித் தங்கை வந்தாள். 'அமெரிக்கா எவ்வளவு தூரம்' வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கமெராக்காரர் அவர்கள் பக்கம் கமெராவைத் திருப்பினார்.

பிறகு கேள்வி நேரம். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கதிர்காமநாதன் வழக்கமான ஆட்களைத் தேடினார். நடுவரிசையில் பேர்ணடெட் எழும்பினாள். கிளெமென்ட் சேலையைப் பிடித்து இழுத்தான். ஜனுஷா போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

[என் முதல் பிரதியில் பேர்ணடெட் இங்கே ஒரு பக்கத்துக்கு முழங்குகிறாள். மண்டபம் உறைந்து போகிறது. றொய்ஸ்டன் தலைகுனிகிறான். எனக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடித்திருந்தது. நடக்காத ஒன்றே ஒன்று அதுதான்.]

நடந்தது இது. பேர்ணடெட் மைக்கை வாங்கினாள். தமிழில்தான் சொன்னாள்.

"நான் பேர்ணடெட். இந்தப் புத்தகத்தில செத்துப்போன ஆள்."

சபை சிரித்தது. பகிடி என்று நினைத்தார்கள். அவள் அடுத்த வசனத்தைச் சொல்லச் சிரிப்பு அடங்குவதற்காகக் காத்து நின்றாள். அங்கேதான் அவள் பிழை விட்டாள். அரசியல்வாதி காத்து நிற்கமாட்டான். றொய்ஸ்டன் மேடையிலிருந்து குதித்தே விட்டான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவால் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, அழுகிற குரலில், ஆங்கிலத்தில் கத்தினான்: "முப்பத்தைந்து வருடமாக இறந்துவிட்டாள் என்று நான் நம்பிய என் சகோதரி! ஆக்லாந்து எனக்கு அவளைத் திருப்பித் தந்திருக்கிறது!"

சபை எழுந்து நின்றது. கைதட்டு என்றால் அப்படி ஒரு கைதட்டு. முதல் நாள் அவனை நண்டு சாப்பிட இறக்கிவிட்ட கதிர்காமநாதனும் கண்கலங்கிக் கைதட்டினார்.

அந்தச் சத்தத்துக்குள் பேர்ணடெட் அவன் காதுக்குள் சொன்னாள்: "செத்தது அந்தப் பிள்ளையடா. அதுக்கு ஒரு பேர் இருந்தது."

அவன் அவள் தோளில் முகத்தை வைத்தபடியே சொன்னான்: "சிரியுங்கோ அக்கா. கமெரா."

9

இணையத்தில் ஏறிய அந்தக் கட்டிப்பிடிப்பை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கதிர்காமநாதனுக்குத்தான் தெரியும். அவர் அந்தக் கணக்கை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அதைக் காலைச் செய்தியில் போட்டது. எதிர்க்கட்சி வேட்பாளர்கூட வாழ்த்துச் சொன்னார். புத்தகம் விற்றுத் தீர்ந்தது. பாமசிக்கு வந்தவர்கள் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு, "யூ ஆர் தட் சிஸ்டர்!" என்றார்கள். அவள் அவர்களுடைய பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாள்.

வாசகர்களில் நியாய விரும்பிகள் இருப்பீர்கள். உங்களுக்காக ஒரு முடிவு வைத்திருக்கிறேன்: ஜனுஷா மாமாவின் வாய்ப்பை உதறித் தள்ளிவிட்டு அம்மாவின் தோளில் சாய்கிறாள். அகதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் ஆகிறாள்.

ஜனுஷா பெப்ரவரியில் போனாள். பேர்ணடெட்தான் விமானநிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். "நான் போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை. அவன் செய்ததுக்கு இவள் என்ன செய்யிறது?" என்றாள் என்னிடம்.

ஒரு மாதம் கழித்து ஜனுஷா அழைத்தாள். இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும். அந்த வேலை ஜனுஷாவின் மேசைக்கு வந்திருக்கிறது. மாமா இந்த முறை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்கிறார். அந்தக் குழந்தையின் பெயர் வேண்டும். புத்தகத்தையே அந்தக் குழந்தைக்குச் சமர்ப்பிக்கப் போகிறாராம்.

"ஸ்பெல்லிங்கும் வேணுமாம், மம்" என்றாள்.

"தரமாட்டன் பிள்ளை."

"வை?"

"அதைச் சொல்லி அவன் அழுவான். சனமும் அழும். பிறகு அவன் வெல்லுவான்."

அதற்கு ஜனுஷா சொன்னதை பேர்ணடெட் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள், ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் பிள்ளை எங்கேயிருந்தோ தேடி எடுத்த தமிழில்: "பட் மம், நீங்க சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. தட்ஸ் வொர்ஸ், இல்லையா? ஷீ ஜஸ்ட் டிசப்பியர்ஸ்."

பேர்ணடெட் போனை வைத்துவிட்டாள். இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் குழந்தைக்கு 'ஏஞ்சல்' என்று பெயர். எழுதிக்கொடுக்கும் பெண் வைத்திருக்க வேண்டும். தேர்தல் இந்த வருடக் கடைசியில்.

10

நான் வசிப்பது ஏவன்டேலில். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நடந்துபோகலாம். போன கிழமை அங்கே பேர்ணடெட்டைக் கண்டேன். ஒரு சீனக் கிழவியிடம் பச்சை மிளகாய் அள்ளிக்கொண்டு நின்றாள். கதை முடியும் தறுவாயில் இருக்கிறது, ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றேன்.

"எந்த இடம்?"

"அந்தப் பிள்ளையின்ர பேர்."

அவள் மிளகாய்ப் பையை முடிச்சுப் போட்டாள். "நீங்களும் கேக்கிறீங்கள்."

"நான் தேர்தலில நிக்கேல்லை. என்ர கதையை வாசிக்கிறது ஒரு நூறு பேர். அதில பாதிப்பேர் என்ர சொந்தக்காரர்."

சிரித்தாள். பிறகு, "எழுதி வைச்சிருக்கிறதில இப்ப என்ன பேர் போட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னேன். வடிவான ஒரு பெயர் வைத்திருந்தேன். கடலுக்கும் மாதாவுக்கும் பொருத்தமாக, வாய்க்கு இனிதாக. இரண்டு நாள் யோசித்து வைத்தது. அவள் அதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நல்ல பேர்தான்" என்றாள். "அது இல்லை."

பக்கத்துத் தட்டில் புதினாக் கட்டு ஒன்றை எடுத்து மணந்து பார்த்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தாள். நானும் விடவில்லை.

"ஜனுஷா சொன்னதும் நியாயம்தானே பேர்ணடெட். உங்களோட அந்தப் பேரும் போயிடும்."

"ஓம்" என்றாள். "அதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். சொன்னால் இவங்கள் எடுப்பாங்கள். சொல்லாட்டி மண் எடுக்கும். நீங்கள் எழுதுற ஆள், நீங்கள் சொல்லுங்கோ. நான் ஆரிட்டைக் குடுக்க?"

ரயில் ஒன்று போயிற்று. அவள் பைகளை இரண்டு கைக்கும் பிரித்து எடுத்துக்கொண்டு கார் நிறுத்தியிருந்த பக்கம் போனாள்.

வீட்டுக்கு வந்து, நான் வைத்திருந்த வடிவான பெயரை ஓர் இடம் விடாமல் அழித்தேன். நாலாம் பகுதியில் அந்தக் குழந்தை பெயரில்லாமல் சிப்பி பொறுக்குவதற்குக் காரணம் அதுதான். கதையை அப்படியே முடித்துவிடலாம். ஆனால் ஒரு வசனம் மட்டும் என் பிரதியின் கடைசியில் தங்கிவிட்டது. அதை முடிக்க எனக்கு உரிமை இல்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. பேர்ணடெட் என்னிடம் கேட்டதை உங்களிடம் தள்ளிவிடுகிறேன். அவள் உங்கள் முன்னால் பைகளோடு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை வாங்குவீர்களா, வேண்டாம் என்பீர்களா? வாங்கினால் என்ன செய்வீர்கள்?

அந்தக் குழந்தையின் பெயர்